கர்த்தர் அவரிடம் ஒன்று, என்னிடம் ஒன்று சொன்னாரா?

கேள்வி: எனக்கு 31 வயது. எங்கள் சபையின் பாடல் குழுவில் என்னோடு இருந்த ஒருவரை நான்கு வருடமாக நேசித்தேன். இருவரும் ஜெபித்துத்தான் முடிவெடுத்தோம். எரேமியா 29:11 எனக்கு வாக்குத்தத்தமாகக் கிடைத்தது. திருமணத் தேதி குறிக்கப் போகும் நேரத்தில், "மறுபடி ஜெபித்தேன், கர்த்தர் வேண்டாம் என்கிறார்" என்று சொல்லி அவர் விலகிவிட்டார். ஏழு மாதம் ஆகிறது. இப்போது அவருக்கு வேறு ஒருவரோடு நிச்சயம் ஆகிவிட்டது. ஒவ்வொரு ஞாயிறும் அதே மேடையில் அவர் கிட்டார் வாசிக்க, நான் பாடுகிறேன். நெஞ்சு அடைக்கிறது. வீட்டுக்கு வந்தால் ஜெபிக்க வாய் வருவதில்லை. "கர்த்தர் இதைவிட நல்லவரை வைத்திருக்கிறார், மன்னித்து மறந்துவிடு" என்கிறார்கள். சில நாள் காலையில் கண் விழிக்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றுகிறது. என் விசுவாசம் போய்விட்டதா? கர்த்தர் என்னிடம் ஒன்று சொல்லிவிட்டு அவரிடம் வேறு சொன்னாரா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கண் விழிக்காமலே இருந்திருக்கலாம் என்று எழுதியிருக்கிறீர்களே, அதிலிருந்தே தொடங்குகிறேன். மற்றதெல்லாம் அப்புறம்.

அந்த எண்ணம் எப்போதாவது வந்து போகிறதா, அடிக்கடி வருகிறதா? எப்படிச் சாகலாம் என்று யோசிக்கும் அளவுக்குப் போயிருக்கிறதா? நேரில் வந்திருந்தால் இதைச் சுற்றி வளைக்காமல் உங்களிடம் கேட்டிருப்பேன். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது, சொல்ல ஒரு வழி கிடைக்கும். இரண்டாவது கேள்விக்குப் பதில் "ஆம்" என்றால் இதை வாசிப்பதை நிறுத்திவிட்டு, நம்பிக்கையான ஒருவரை உடனே பக்கத்தில் அழைத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனைக்குப் போங்கள், அல்லது தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை அழையுங்கள். அந்த அளவுக்கு இல்லை என்றாலும் இந்த வாரமே ஒரு மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ பாருங்கள். இரண்டு வாரத்துக்கு மேலாகப் பெரும்பாலான நாட்களில் மனம் இருண்டே இருக்கிறது, தூக்கமும் பசியும் கெட்டுவிட்டது, எதிலும் பிடிப்பில்லை என்றால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை உண்டு. மாத்திரை சாப்பிடுவது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால், அவர் கண்ணாடி போட்டிருக்கிறாரா என்று பாருங்கள்.

நீங்கள் சொன்னதைத் தீர்க்கதரிசி எலியாவும் சொல்லியிருக்கிறார். ஆகாயத்திலிருந்து அக்கினியை இறங்கப்பண்ணின அதே எலியா, சீக்கிரத்திலேயே வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று கேட்டார் (1 இராஜாக்கள் 19). கர்த்தர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. "உனக்கு விசுவாசம் எங்கே" என்றும் கேட்கவில்லை. எலியா தூங்கினார். தூதன் தட்டி எழுப்பி, சாப்பிடு என்றான். சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்கினார். மறுபடி எழுப்பி, மறுபடி சாப்பாடு. "இங்கே உனக்கு என்ன காரியம்?" என்ற கேள்வி அதற்கெல்லாம் பிறகு, 40 நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போய்ச் சேர்ந்த பின்தான் வருகிறது. மனம் உடைந்தவர்களோடு வேலை செய்யும் எனக்கு இதைவிட நல்ல வரிசை தெரியாது. முதலில் தூக்கம், சாப்பாடு. கேள்விகளுக்கு நேரம் இருக்கிறது.

நெஞ்சு அடைப்பது கற்பனை இல்லை. 2003-இல் ஓர் ஆய்வில், கணினியில் பந்து எறிந்து விளையாடும் ஒரு சின்ன விளையாட்டிலிருந்து சிலரை ஒதுக்கி, அப்போது அவர்களுடைய மூளையைப் படமெடுத்துப் பார்த்தார்கள். உடல் வலியின் வேதனையோடு சம்பந்தப்பட்ட பகுதிகளில் ஒன்று அங்கேயும் வேலை செய்தது. முகம் தெரியாதவர்கள் பந்து போடாததற்கே அப்படி என்றால், நான்கு வருடத்துக்கு எப்படி இருக்கும்? பெரிய அதிர்ச்சியில் இதயத் தசையே தற்காலிகமாகத் தளர்ந்துபோகிற நிலை ஒன்றும் உண்டு. 1990-இல் ஜப்பானிய மருத்துவர்கள் அதை விவரித்து, ஆக்டோபஸ் பிடிக்கும் பானையின் வடிவில் இதயம் தெரிந்ததால் அந்தப் பானையின் பெயரையே வைத்தார்கள்: டகோட்சுபோ. உங்கள் வயதில் அது அபூர்வம். ஆனாலும் மருத்துவரிடம் போகும்போது நெஞ்சு அடைப்பதையும் சொல்லிவிடுங்கள்.

சரி, இப்போது நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

உங்கள் கடிதத்தை முதல் தடவை வாசித்தபோது ஒருவர் உங்களை விட்டுப் போன கதையாகத் தெரிந்தது. இரண்டாவது தடவை வாசித்தபோது, அவரைவிட அதிகமாக வருகிற பெயர் கர்த்தருடையது என்பதைக் கவனித்தேன். உங்களுக்கு இரண்டு துக்கம் இருக்கிறது. ஒன்று ஒரு மனிதரை இழந்த துக்கம், அது எல்லாருக்கும் தெரியும். இன்னொன்று, கர்த்தர் ஏமாற்றிவிட்டார் என்கிற துக்கம். அதைச் சபையில் யாரிடமும் சொல்ல முடியாததால் அது உள்ளேயே கிடந்து புரையோடுகிறது. மதமும் மனநலமும் பற்றிப் பல காலம் ஆராய்ந்த கென்னத் பார்கமெண்ட் போன்றவர்கள் கவனித்த ஒன்று இது: விசுவாசம் ஒருவருக்குத் துன்பத்தில் பெரிய தாங்கலாக இருக்கலாம். அதே ஆள் "கடவுள் என்னைக் கைவிட்டார், தண்டிக்கிறார்" என்ற எண்ணத்திலேயே தங்கிவிட்டால், அது துன்பத்தோடு இன்னொரு துன்பமாகச் சேர்ந்துகொள்ளும். ஆகவே இந்த இரண்டாவது துக்கத்தைச் சும்மா விட முடியாது.

"கர்த்தர் வேண்டாம் என்கிறார்" என்று அவர் சொன்னாரே, அதை எடுத்துப் பார்ப்போம். திருமணத்துக்கு முன் வேண்டாம் என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு. உங்களுக்கு எவ்வளவு வலித்தாலும், மனமில்லாமல் கல்யாணம் செய்துகொண்டு பிறகு விலகுவதைவிட இது மேல். ஆனால் சொன்ன விதம் சரியில்லை. "எனக்கு மனமில்லை" என்பது கஷ்டமான வாக்கியம். சொல்கிறவர் குற்றவாளியாக நிற்க வேண்டும், அழுகிற முகத்தைப் பார்க்க வேண்டும். அதைத் தவிர்க்க, அந்தச் சுமையைத் தூக்கிக் கர்த்தர் தலையில் வைத்துவிட்டார். அவரோடு சண்டை போடலாம், கர்த்தரோடு எப்படிப் போடுவீர்கள்? உங்கள் கோபம் போக வேண்டிய இடம் அடைபட்டுப் போனது அங்கேதான். தேவனுடைய நாமத்தை வீணிலே வழங்காதிருப்பாயாக என்ற கட்டளையை நாம் சத்தியம் செய்வதற்கும் திட்டுவதற்கும் மட்டும் வைத்திருக்கிறோம். இதற்கும் அது பொருந்தும் என்று நான் நினைக்கிறேன்.

அவர் மனதில் இருந்ததை நான் அறியேன், உண்மையிலேயே அப்படி உணர்ந்தும் இருக்கலாம். அப்படியே இருந்தாலும் அது அவருடைய முடிவு. உங்களைப் பற்றிக் கர்த்தர் கொடுத்த தீர்ப்பாக அதை எடுத்துக்கொள்ள எந்த அவசியமும் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்களும் ஓரளவுக்கு அதையேதான் செய்தீர்கள். உங்களுக்கு ஆசை இருந்தது. நல்ல ஆசைதான். அந்த ஆசைக்கு ஒரு வசனம் கிடைத்தது, அதைக் கர்த்தருடைய கையெழுத்தாக எடுத்துக்கொண்டீர்கள். எரேமியா 29:11 யாருக்கு எழுதப்பட்டது என்று பாருங்கள். வீடும் ஊரும் இழந்து பாபிலோனுக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களுக்கு எரேமியா அனுப்பிய கடிதம் அது. முந்தின வசனத்திலேயே எழுபது வருஷம் ஆகும் என்று இருக்கிறது. வாசித்தவர்களில் பெரும்பாலோர் திரும்பிப் போகும் நாளைப் பார்த்திருக்க மாட்டார்கள். அவர்களுக்கு எரேமியா சொன்ன வேலை: வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அதன் கனியைச் சாப்பிடுங்கள். விரும்பாத இடத்தில், விரும்பாத காலத்தில், வாழத் தொடங்குங்கள் என்று.

அதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்று ஒருவன் வருகிறான். இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பி வந்துவிடும் என்று கர்த்தருடைய பெயரிலேயே சொன்னான். கேட்க எவ்வளவு இதமாக இருந்திருக்கும்! ஆனால் கர்த்தர் அவனை அனுப்பவில்லை. "சீக்கிரமே இதைவிட நல்லவர் வருவார்" என்று உங்களிடம் சொல்கிறவர்களை அனனியாவோடு சேர்க்க மாட்டேன், அவர்கள் அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் அவர்களுக்கு அது தெரியாது. வரலாம், வராமலும் போகலாம். அந்த ஆறுதலில் சாயாதீர்கள், அது நாள் தள்ளத் தள்ளக் கடனாக மாறும்.

ஆகவே, கர்த்தர் உங்களிடம் ஒன்று, அவரிடம் ஒன்று சொன்னாரா என்ற கேள்விக்கு என் பதில்: இரண்டு பேருமே அவரவர் மனதில் இருந்ததைக் கர்த்தருடைய குரலில் கேட்டிருக்கலாம். இது உங்களைக் குற்றப்படுத்த இல்லை. நேசிக்கிற எல்லாரும் செய்வது இது. கர்த்தர் உங்களிடம் பொய் சொன்னார் என்று நம்பிக்கொண்டு இனிமேல் வாழ வேண்டியதில்லை என்பதற்காகத்தான் சொல்கிறேன். வசனத்தையே இழந்துவிட்டதாகவும் நினைக்காதீர்கள். கைதிகளுக்கு எழுதின கடிதம் என்று தெரிந்து வாசித்தால், முன்பைவிட இப்போதுதான் அது உங்களுக்குப் பொருந்துகிறது.

ஜெபிக்க வாய் வரவில்லை என்கிறீர்கள். எந்த ஜெபம் வரவில்லை? ஸ்தோத்திரம் வரவில்லை, அப்படித்தானே? வேறு ஒரு ஜெபம் உங்கள் தொண்டையிலேயே நிற்கிறது, அதை ஜெபம் என்று யாரும் உங்களுக்குச் சொல்லித் தரவில்லை. 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல். நம் ஆராதனைப் பாடல்களில் அந்தப் பங்கு எங்கே போனது என்று நான் பல தடவை யோசித்ததுண்டு. 13-ஆம் சங்கீதத்தின் முதல் இரண்டு வசனத்துக்குள் "எதுவரைக்கும்" என்று நான்கு தடவை கேட்கிறார் தாவீது. என்னை மறந்துவிட்டீரா, முகத்தை மறைக்கிறீரா என்று நேராகவே கேட்கிறார். அதில் ஒரு கேள்வி எனக்குத் தொழில்முறையாகவும் பிடிக்கும்: எதுவரைக்கும் என் ஆத்துமாவுக்குள்ளேயே ஆலோசனை பண்ணிக்கொண்டிருப்பேன் என்கிறார். நடந்ததையே இரவெல்லாம் அசைபோடுவதை இதைவிடச் சரியாகச் சொல்ல முடியாது. அந்தச் சங்கீதமாவது பாட்டில் முடிகிறது. 88-ஆம் சங்கீதம் அப்படியும் முடியவில்லை. எபிரெயத்தில் அதன் கடைசிச் சொல்லே இருள். அதையும் யாரும் வேதத்திலிருந்து எடுத்துவிடவில்லை.

புலம்பல் புத்தகத்தைப் பாருங்கள். "அவைகள் காலைதோறும் புதியவைகள்" என்று நாம் பாடுகிற வரி அந்தப் புத்தகத்தின் நடுவில், மூன்றாம் அதிகாரத்தில் இருக்கிறது. அதோடு துக்கம் தீர்ந்து புத்தகம் முடிந்துவிடவில்லை. அதற்குப் பிறகும் அழுகை தொடர்கிறது, கடைசி வசனமும் ஒரு முறையீடுதான். நம்பிக்கை வந்து போகும், துக்கமும் வந்து போகும். ஒரு நாள் நன்றாக இருந்துவிட்டு மறுநாள் உடைந்துபோனால், பழையபடி ஆகிவிட்டோமே என்று நினைக்காதீர்கள்.

கர்த்தர் மேல் கோபப்படுகிறவள் இன்னும் அவரோடு பேசிக்கொண்டுதான் இருக்கிறாள். விசுவாசம் போனவர்கள் என்னிடம் கடவுளைப் பற்றிக் கோபமாகக்கூடப் பேசுவதில்லை, அவர்களுக்கு அது ஒரு விஷயமே இல்லை. நீங்கள் எழுதியிருப்பது அந்த மாதிரிக் கடிதம் இல்லை.

எம்மாவுக்குப் போன இரண்டு பேர் இருக்கிறார்களே, அவர்களை உங்களுக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன். இயேசு சிலுவையில் மரித்த பிறகு, எருசலேமில் எல்லாம் முடிந்துபோனது என்று கிட்டத்தட்ட 11 கிலோமீட்டர் நடந்து போகிறார்கள். வழியில் கூடச் சேர்ந்துகொண்டவரிடம், அவர்தான் இயேசு என்று தெரியாமல், "நம்பியிருந்தோம்" என்கிறார்கள். அந்த இறந்தகாலத்தில்தான் எல்லாம் இருக்கிறது. இயேசு அவர்களை எருசலேமுக்குத் திரும்பச் சொல்லவில்லை, அவர்கள் போகிற திசையிலேயே கூட நடந்தார். என்ன விஷயம் என்று கேட்டு, அவருக்கே தெரிந்த கதையை அவர்களை முழுதாகச் சொல்ல விட்டார். பிறகு புத்தியில்லாதவர்களே என்று கடிந்தும் கொண்டார், அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் அவர்கள் சொல்லி முடித்த பிறகு.

நீங்களும் முழுதாகச் சொல்லுங்கள். எழுதினால் இன்னும் நல்லது. ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் 1986-இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்களை நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம், மனதைப் பாதித்த ஒன்றைப் பற்றி எழுத வைத்தார். எழுதிய உடனே அவர்களுக்குப் பாரம் கூடினது போல இருந்தது. ஆனால் நடந்ததையும் உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த சில மாதங்களில் மருத்துவரிடம் போனது மற்றவர்களைவிடக் குறைவு. நீங்கள் அதைக் கர்த்தருக்கு எழுதும் கடிதமாக எழுதுங்கள். "கர்த்தாவே" என்று தொடங்குங்கள். நடந்ததைச் சொல்லுங்கள், அவர் மேல் உள்ள கோபத்தையும் சொல்லுங்கள், இப்போது என்ன வேண்டும் என்று கேளுங்கள். "ஆனாலும் உம்மை நம்புவேன்" என்ற வரி வந்தால் எழுதுங்கள், வராவிட்டால் வரவழைக்காதீர்கள். யாருக்கும் காட்ட வேண்டாம். நாள் போகப் போக மனம் இன்னும் மோசமாகிறது என்றால் நிறுத்திவிட்டு ஆலோசகரோடு சேர்ந்து எழுதலாம்.

மன்னித்து மறந்துவிடு என்கிறார்கள். இது இரண்டு வேலை. மன்னிப்பது வேதம் கேட்பது. மறக்கச் சொல்வது நாம் சேர்த்துக்கொண்டது. அண்ணன்மாரால் விற்கப்பட்டு எகிப்துக்குப் போன யோசேப்பு தன் மூத்த மகனுக்கு மனாசே என்று பெயர் வைத்தார், என் வருத்தத்தையும் தகப்பன் வீட்டையும் தேவன் மறக்கப்பண்ணினார் என்று. மறந்துவிட்டதாகப் பிள்ளைக்குப் பெயர் வைத்தால், கூப்பிடும்போதெல்லாம் நினைவு வராதா? அதற்குச் சில வருடம் கழித்து, பஞ்சத்தில் தானியம் வாங்க அண்ணன்மார் வந்து நின்றபோது, அவர்களை விட்டு விலகிப் போய் அழுதார். விற்கப்பட்டு இருபது வருடத்துக்கும் மேல் ஆகியிருந்தது. உடனே கட்டிப்பிடிக்கவும் இல்லை. அவர்கள் மாறியிருக்கிறார்களா என்று சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் "நான் யோசேப்பு" என்றார். மன்னிப்பு ஒருவர் தனியாகச் செய்யக்கூடியது. உறவைத் திரும்பக் கட்ட இரண்டு பேர் வேண்டும். உங்கள் விஷயத்தில் அதற்குத் தேவையே இல்லை, அவர் இன்னொருவரோடு வாழப் போகிறார். அவரைப் பழிவாங்க மாட்டேன், அவரைப் பற்றிச் சபையில் பேசி அசிங்கப்படுத்த மாட்டேன் என்று ஒரு முடிவு எடுத்தால் மன்னிப்பு தொடங்கிவிட்டது. நெஞ்சு அடைப்பது நிற்க இன்னும் நாளாகும். அதனால் மன்னிக்கவில்லை என்று ஆகாது.

மேடையைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை. இறங்கிவிடுங்கள். வாரா வாரம் காயத்தைத் திறந்து வைத்து அதன் மேல் பாட்டுப் பாடிக்கொண்டிருக்கிறீர்கள். குழுத் தலைவரிடம் ஆறு மாதம் விடுப்பு வேண்டும் என்று சொல்லுங்கள். காரணம் விளக்க வேண்டியதில்லை. அந்த ஆறு மாதமும் வேறு நேர ஆராதனைக்கோ வேறு சபைக்கோ போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்து, பாடாமல், மற்றவர்கள் பாடுவதைக் கேளுங்கள். இதைப் பின்மாற்றம், விசுவாசத்திலிருந்து பின்வாங்குவது என்று யாராவது சொன்னால் சொல்லட்டும். அவருடைய படங்களையும் இணையத்தில் கண்ணில் படாதபடி செய்துவிடுங்கள். நிச்சயத்தார்த்தப் படத்தை எத்தனை தடவை பார்த்தீர்கள் என்று நான் கேட்கப் போவதில்லை.

ஆனால் தனியாக இருந்துவிடாதீர்கள். ஒரே ஒருவரை, முடிந்தால் உங்களைவிட மூத்த ஒரு பெண்ணை, தேர்ந்தெடுத்து எல்லாவற்றையும் சொல்லுங்கள். முன்கூட்டியே அவரிடம், "அக்கா, வசனம் வேண்டாம், கூட உட்காருங்கள்" என்று கேட்டுக்கொள்ளுங்கள். யோபுவின் நண்பர்கள் முதல் ஏழு நாள் ஒரு வார்த்தையும் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை அவர்கள் செய்தது நன்றாகத்தான் இருந்தது.

எத்தனை நாள் ஆகும் என்று நீங்கள் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் என்னிடம் எண் இல்லை. நொறுங்குண்ட இருதயத்தைக் குணமாக்குகிறார், காயங்களைக் கட்டுகிறார் என்று 147-ஆம் சங்கீதம் சொல்கிறது. கட்டுப் போடுகிறவர் அவிழ்த்துப் பார்த்து, துடைத்து, மறுபடி கட்டுவார், பல தடவை. சில நாள் கட்டு மாற்றுவதே வலிக்கும்.

இந்த வாரத்துக்கு இரண்டு வேலை போதும்: மருத்துவரிடம் நேரம் வாங்குவது, குழுத் தலைவரிடம் பேசுவது. இரவில் ஜெபிக்க வேண்டும் போல இருந்தால் 13-ஆம் சங்கீதத்தின் முதல் இரண்டு வசனத்தை மட்டும் சத்தமாக வாசியுங்கள். மீதி நான்கு வசனத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.